ரொமெலுக்குப் போகாத வயர்

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் உப்பளங்கள் முடிந்து லாரி வரிசை தொடங்குகிற இடத்தில் மஞ்சள் சுண்ணாம்பு அடித்த ஒரு கட்டிடம் இருக்கிறது. வாசலில் ‘மாலுமிகள் இல்லம்’ என்று போர்டு. கப்பலிலிருந்து சில மணி நேரம் அனுமதி வாங்கிக் கரையிறங்குகிறவர்கள் வந்து உட்கார, வீட்டோடு பேச, கேரம் விளையாட என்று கிறிஸ்தவ சபை நடத்துகிற இடம். அங்கே முன்மேஜையில் இருபது வருஷத்துக்குப் பக்கமாக இருந்து வருகிறவள் ஜெயஷீலா.

சாத்தான்குளத்துப் பிள்ளை. அப்பா மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். பள்ளிக்கூடம் நாசரேத்தில், கல்லூரி பாளையங்கோட்டையில். பூகோளம்தான் பாடம். வரைபடம் போடச் சொன்னால் மற்றப் பிள்ளைகள் கரையோரத்தை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். ஜெயஷீலா ஒவ்வொரு விரிகுடாவாக உள்ளே புகுந்து வெளியே வருவாள். அதற்குள் மணி அடித்துவிடும். டீச்சர் வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்த நேரத்தில் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை பிரைட்டன், தூத்துக்குடியில் கணக்கு வாத்தியார். மூன்றாம் வருஷம், கம்ப்யூட்டர் தெரிந்த, இங்கிலீஷ் பேசுகிற ஆள் ஒன்று மாலுமிகள் இல்லத்துக்கு வேண்டும் என்று ஆராதனை முடிந்ததும் அறிவித்தார்கள். ஆறு மாசம் பார்ப்போம் என்று போனவள்தான்.

வருகிறவர்கள் அவளை ‘சிஸ்டர்’ என்று கூப்பிட்டார்கள். கன்னியாஸ்திரி என்று நினைத்துக்கொண்டு சிலர், கூடப் பிறந்தவள் மாதிரி என்று சிலர். அவள் யாரையும் திருத்தவில்லை. நாளாவட்டத்தில் துறைமுகத்து ஆட்களுக்கும் அவள் சிஸ்டர் ஆகிவிட்டாள்.

வருகிறவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு கை சட்டைப் பைக்குள் போகும். “சிஸ்டர், சார்ஜர்?” முதல் கேள்வி அதுதான். தண்ணீர்கூட அதற்கப்புறம்தான். இப்போது எல்லா போனுக்கும் ஒரே பின் என்று ஐரோப்பாவில் சட்டமே போட்டாயிற்று, இங்கேயும் அரசாங்கம் அந்த வழிக்கு வருகிறது. ஜெயஷீலா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கம்பெனிக்கு ஒரு பின். உருண்டை, அதைவிட மெல்லிசான உருண்டை, பல் வைத்த தட்டை, இரண்டு பக்கமும் கொக்கி வைத்த தட்டை. சுவரில் ஒரு பலகை அடித்து, ஆணிகளில் பதினாலு வகை வயர் தொங்கவிட்டிருந்தாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கூடம் அடங்கிவிடும். மின்விசிறி சத்தமும் தூரத்தில் கிரேன் சத்தமும்தான். சுவரோரம் பத்துப் பன்னிரண்டு போன்கள் படுத்துச் சார்ஜ் குடித்துக்கொண்டிருக்கும். அவ்வப்போது ஒன்று கண் திறக்கும். ஒரு குழந்தை, அல்லது பனி மூடிய தெரு, அல்லது திராட்சைப் பந்தலுக்குக் கீழே ஒரு நாய். கொஞ்ச நேரம் ஒளிர்ந்துவிட்டு அணைந்துவிடும். அடுத்தது எது திறக்கும் என்று பார்த்துக்கொண்டே ஜெயஷீலாவுக்குக் கண் சொக்கும். அந்தத் தெருவில் அவள் நடந்துகொண்டிருப்பாள். பந்தலுக்குக் கீழே யாரோ அவளுக்கு நாற்காலி போடுவார்கள். நாலு மணிக்கு டீக்காரர் வந்து கதவைத் தட்டினால் தூத்துக்குடிக்குத் திரும்பி வர ஒரு நிமிஷம் பிடிக்கும்.

அப்படி அவள் பாட்டுக்கு இருந்தபோதுதான், இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் வருஷம், செலெஸ்டா வந்து சேர்ந்தது.

பழைய சரக்குக் கப்பல். கரி இறக்கிவிட்டு அவுட்டருக்குப் போய் நங்கூரம் போட்டது. அவுட்டர் என்றால் துறைமுகத்துக்கு வெளியே ஆழக்கடலில் கப்பல்கள் காத்துக் கிடக்கிற இடம். போட்ட நங்கூரத்தை எடுக்கவில்லை. எந்த நாட்டு முதலாளியோ கப்பலையும் ஆட்களையும் அப்படியே கைவிட்டுவிட்டான். கோர்ட்டில் வழக்கு. தீர்ப்பு வருகிறவரை கப்பலும் நகரக்கூடாது, அதிலிருக்கிற பதினோரு பேரும் இறங்கக்கூடாது. டீசலை மிச்சம் பிடித்து, ஜெனரேட்டரைக் காலையில் ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டினார்கள். சமைக்க, குடிதண்ணீரைக் குளிர வைக்க, போனுக்குச் சார்ஜ் போட எல்லாவற்றுக்கும் அந்த ஒரு மணி நேரம்.

லிங்கராஜ் என்பவர் லாஞ்ச் ஓட்டுகிறவர். லாஞ்ச் என்பது கரைக்கும் கப்பலுக்கும் சாமான் ஏற்றிப் போகிற சின்ன மோட்டார் படகு. வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், செலெஸ்டாவுக்கு அரிசி, காய்கறி, தண்ணீர் கொண்டுபோனார். அவர் போகும்போது ஜெயஷீலாவும் ஒரு பை கொடுத்தனுப்புவாள். பழைய பத்திரிகை, சோப்பு, இல்லத்திலேயே சார்ஜ் ஏற்றிய பவர் பேங்குகள். திரும்பி வரும் பையில் காலியான பவர் பேங்கும், அடுத்த நடைக்கு என்ன வேண்டும் என்று ஒரு சீட்டும் இருக்கும். சீட்டு எழுதுகிறவர் கப்பலின் சமையல்காரர் ரொமெல்.

ரொமெலை அவளுக்குத் தெரியும். கரி இறக்கிய வாரத்தில் இரண்டு முறை இல்லத்துக்கு வந்திருந்தார். பிலிப்பைன்ஸ்காரர், முப்பத்தைந்து வயசிருக்கும், சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வார். இல்லத்து வைஃபையில் மனைவியைக் கூப்பிட்டு, போனை ஜெயஷீலா பக்கம் திருப்பிக் காட்டினார். மரிவிக் என்று பெயர். அங்கே சாயங்காலம், ஜன்னலுக்குப் பின்னால் வாழைமரம். மரிவிக் எழுந்து நின்று வயிற்றைக் காட்டினாள். ஜெயஷீலா ஆறாம் மாசமா என்று விரலைக் காட்ட, அவள் ஆமாம் என்று சிரித்தாள். ஊர் எது என்று கேட்டதற்கு இலோய்லோ என்றார் ரொமெல். பனாய்த் தீவின் தென்கரை என்று ஜெயஷீலா சட்டென்று சொன்னதும், வாயை மூட மறந்து சிரித்தார்.

ஜூன் மாசம் ஒரு திங்கட்கிழமை வந்த சீட்டில் இப்படி எழுதியிருந்தது: ‘சிஸ்டர், சி டைப் வயர் ஆறு. மைக்ரோ வயர் (பழைய பின்) ஒன்று, அது எனக்கு. கப்பலில் இருந்த ஒரே மைக்ரோவும் அறுந்துவிட்டது.’

புதன்கிழமை பஜாருக்குப் போய் வாங்கிவந்தாள். எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை அட்டைப்பெட்டி. பெட்டி பெட்டியாகப் பெயர் எழுதி ஒட்டினாள். வியாழக்கிழமை காலை லிங்கராஜ் அரை மணி முன்னதாகவே வந்து ஹாரன் அடித்தார்.

“சீக்கிரம் சிஸ்டர், காத்து சரியில்ல. போயிட்டு வெரசா திரும்பணும்.”

அவசரத்தில் கையில் கிடைத்த ஏழு பெட்டியைப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

மத்தியானம் மேஜையைத் துடைக்கும்போது செய்தித்தாளுக்கு அடியில் ஒரு வெள்ளைப் பெட்டி கிடந்தது. அதில் அவளுடைய கையெழுத்தில் ‘ரொமெல்’ என்று இருந்தது. அப்படியானால் போனது ஏழும் சி டைப். உபரிக்கு வாங்கிய ஒன்று ரொமெலின் பங்கில் போய்விட்டது.

லாஞ்ச் திரும்பியதும் லிங்கராஜிடம் சொன்னாள்.

“இதுக்கா மொகத்தத் தூக்கி வச்சிருக்கிய? திங்கக்கெழம குடுத்தாப் போச்சு” என்றார் அவர்.

திங்கட்கிழமை லாஞ்ச் போகவில்லை. கச்சான் பிடித்துவிட்டது. தென்மேற்கிலிருந்து அந்தக் காற்று அடிக்கத் தொடங்கினால் ஊரில் கதவு ஜன்னல் தங்காது, தெருவெல்லாம் மணல் ஓடும். துறைமுகத்தில் கொடி ஏற்றிவிட்டார்கள். சின்னப் படகு எதுவும் வெளியே போகக்கூடாது. லாஞ்சுகள் படகு கட்டும் ஜெட்டியில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன.

செவ்வாய்க்கிழமை லிங்கராஜ் இல்லத்துக்கு வந்தார். உட்காரவில்லை.

“வயர்லெஸ்ல கேப்டன் பேசுனாரு சிஸ்டர். அரிசி இருக்கு, தண்ணி இருக்கு, ஒண்ணும் பயமில்லையாம். அந்தக் குக்குதான் சோறு எறங்காமக் கெடக்கானாம்.”

“ஏன், ஒடம்பு சரியில்லையா?”

“பொஞ்சாதிக்கு இந்த வாரம் பேறுகாலமாம்லா. போன் செத்துக் கெடக்கு. என்ன ஏதுன்னு தெரியாமத் தவிச்சுப்போயி நிக்கானாம்.”

“மத்தவங்க போன்ல இருந்து பேசலாமே அண்ணாச்சி?”

“நானும் அதத்தான் கேட்டேன். நம்பரு அந்தப் போனுக்குள்ளதான் இருக்காம். மனப்பாடமா யாருக்கு இப்ப நம்பர் தெரியுது? எனக்கே எம் பொண்டாட்டி நம்பர் தெரியாது. வேற போன்ல தன்னோட கணக்கத் தொறந்து பாத்தா, ஊரு சிம்முக்கு ஒரு நம்பர் அனுப்புதோம், அதப் போடுன்னு கேக்காம். நெட்டு வாரதெல்லாம் நம்ம ஊரு சிம்முல, அவன் ஊரு சிம்மு இங்க கடல்ல எடுக்கலையே.”

அவர் போன பிறகு மேஜை டிராயரைத் திறந்து அந்தப் பெட்டியைப் பார்த்தாள். வயரை வெளியே எடுத்தாள். ஒரு கஜ நீளம். முனையில் அரைப் பயறு அளவு தகரம். ஆணியில் தொங்குகிற சி டைப்பையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றைவிட ஒன்று எள்ளளவு அகலம், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டிலும் ஓடுவது ஒரே கரண்ட்டு. பெரிய கோபம் வந்தது அவளுக்கு. யார் மேல் என்று தெரியாததால் அது அவள் மேலேயே திரும்பி உட்கார்ந்தது.

அன்று சாயங்காலம் பிரைட்டன் ஸ்கூட்டரோடு வந்து காத்திருந்தார். வீட்டுக்குப் போகவேண்டாம், கடற்கரைக்குப் போங்கள் என்றாள் அவள். காற்றில் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். அடிவானத்தில், நீர் எது வானம் எது என்று பிரியாத அந்தச் சாம்பல் நிறத்துக்குள், கடுகு மாதிரி ஒன்று தெரிந்தது. அதுதான் செலெஸ்டா என்று அவளாக வைத்துக்கொண்டாள். கண்ணை மூடினால் அந்தக் கடுகுக்குள் ஒரு சமையலறை, அடுப்புமேடையில் கருத்துப்போன ஒரு போன். அதற்குள் மரிவிக், ஜன்னல், வாழைமரம், எல்லாம் ஒரு சிமிழுக்குள் அடைத்தது மாதிரி. தட்டினாலும் கேட்காது.

“நீ வேணும்னேயா செஞ்ச?” என்றார் பிரைட்டன்.

“அத வச்சு அவருக்கு என்ன ஆகப்போவுது?” என்றாள் அவள்.

மறுநாள் காலை இல்லத்தைத் திறந்ததும் வருகைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினாள். வருகிற ஒவ்வொருவரும் பெயரும் ஊரும் ஏஜென்சியும் எழுதுகிற தடிப் புத்தகம். ரொமெலின் முழுப்பெயரும், இலோய்லோ என்ற ஊர்ப் பெயரும், அவரைக் கப்பலுக்கு அனுப்பிய ஏஜென்சியின் பெயரும் கிடைத்தன. உலகத்துத் துறைமுகங்களில் இருக்கிற மாலுமிகள் இல்லங்களின் முகவரிகள் அவளிடம் உண்டு. இலோய்லோவிலும் ஒன்று இருந்தது. நடந்ததை அப்படியே எழுதினாள். வயர் மாறியது தன் தப்பு என்பதையும் எழுதினாள். கடைசியில், ‘இந்தப் பெண்ணைக் கண்டுபிடித்து, அவளுடைய புருஷன் நன்றாக இருக்கிறான், போன்தான் வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியுமா?’ என்று கேட்டிருந்தாள்.

மத்தியானமே பதில் வந்தது. அந்த இல்லத்தில் இருந்த பெண் தன் பெயரைக்கூட எழுதவில்லை. ‘ஏஜென்சியில் கொடுத்த நம்பர் எடுக்கவில்லை. ஊரில் பிரசவம் பார்க்கிற ஆஸ்பத்திரி நாலு. ஒவ்வொன்றாகப் போகிறேன்’ என்று இரண்டு வரி.

புதன் போயிற்று, வியாழன் போயிற்று. கச்சான் அடங்கவில்லை. வேலைக்கு நடுவில் ஜெயஷீலா இலோய்லோவில் அலைந்துகொண்டிருந்தாள். முகம் தெரியாத ஒரு பெண்ணின் பின்னால், முகம் தெரியாத தெருக்களில், ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு. அங்கே மழை பெய்வதுபோல அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. இடையில் யாரோ வந்து வயர் கேட்டால் எடுத்துக் கொடுப்பாள். கொடுக்குமுன் பின்னை இரண்டு முறை பார்ப்பாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் படம் வந்தது. கட்டிலில் மரிவிக், நெற்றியில் முடி ஒட்டிக் கிடக்கிறது. மார்மேல் துணிப் பொதியிலிருந்து ஒரு சிவந்த முகம், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. கீழே எழுதியிருந்தது: ‘பெண் குழந்தை. இரண்டு கிலோ தொள்ளாயிரம். இருவரும் சுகம். புருஷன் பேசாததால் மிகவும் பயந்துபோயிருந்தாள். பெயரை அவன் சொல்லட்டும் என்று காத்திருக்கிறாள்.’

ஜெயஷீலா கூடத்தைப் பூட்டவும் மறந்து ஜெட்டிக்கு ஓடினாள். லிங்கராஜ் லாஞ்சுக்குள் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, வயர்லெஸ்ஸப் போடுங்க. புள்ள பொறந்துட்டு.”

“என்ன புள்ள?”

“பொம்பளப் புள்ள.”

சொந்தப் பேச்சுக்கு வயர்லெஸ்ஸைப் பயன்படுத்தக்கூடாது என்று அவருக்குத் தெரியும். இருந்தும் ஆள் இல்லாத ஒரு சேனலுக்குத் திருப்பி செலெஸ்டாவைக் கூப்பிட்டார். கரகரவென்று கேப்டனின் குரல் வந்தது. குக்கைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு, மைக்கை அவள் கையில் கொடுத்தார்.

“இத அமுக்கிட்டுப் பேசணும். பேசி முடிச்சா விட்டுரணும். அமுக்கிட்டே இருந்தா அவன் பேசுறது கேக்காது.”

லாஞ்ச் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அமுக்கினாள். ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த இங்கிலீஷ் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

“ரொமெல், நான் சிஸ்டர். உங்களுக்குப் பெண் குழந்தை. மரிவிக் நன்றாக இருக்கிறாள். குழந்தை இரண்டு கிலோ தொள்ளாயிரம்.”

விட்டாள். அலைகள் பக்கவாட்டில் அறைகிற சத்தம். வயர்லெஸ்ஸில் வெறும் இரைச்சல்.

“சிஸ்டர்” என்றது ஒரு குரல். “இன்னொரு முறை சொல்லுங்கள்.”

சொன்னாள்.

“எடையை இன்னொரு முறை.”

“இரண்டு கிலோ தொள்ளாயிரம்.”

மறுபடி இரைச்சல். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் திரும்ப அமுக்கினாள். “ரொமெல், அந்த வயரைப் பையில் போட்டது நான். உங்கள் பெயர் எழுதிய பெட்டி என் மேஜையில்தான் இருக்கிறது. தப்பு என்னுடையது.”

“காப்பிட்” என்றார் ரொமெல். கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தம். கப்பலில் எல்லாவற்றுக்கும் சொல்கிற சொல்தான். ஆனாலும் அந்த ஒற்றைச் சொல் அவளுக்கு நெஞ்சில் குளிர்ந்து இறங்கியது.

“பெயர் வைக்க வேண்டுமாம். மரிவிக் கேட்கிறாள்.”

அவர் ஏதோ சொன்னார். காற்றில் பாதி போய்விட்டது. திரும்பச் சொல்லச் சொன்னதும் எழுத்து எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தார். “ஆல்ஃபா. லிமா. ஆஸ்கர். நவம்பர்…”

ஜெயஷீலா லிங்கராஜைப் பார்த்தாள். “நவம்பர்லதான் பேரு வைக்கணும்னு சொல்லுதாரா?”

“ஐய, அது ‘என்’ எழுத்து சிஸ்டர், வயர்லெஸ்ல எழுத்துக்கு ஒரு சொல்லு. நீங்க எழுதுங்க, நான் சொல்லுதேன்.” லிங்கராஜ் காதை ஸ்பீக்கரில் ஒட்டவைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதினாள். அலோண்ட்ரா. காலையில் பாடுகிற ஏதோ ஒரு பறவையின் பெயர் என்று பிற்பாடு தெரிந்துகொண்டாள். உள்ளங்கையை மூடாமல் தூக்கிப் பிடித்தபடியே இல்லம்வரை நடந்துபோய், இலோய்லோவுக்கு அந்தப் பெயரைத் தட்டினாள்.

சனிக்கிழமை காற்று தணிந்தது. ஞாயிறு கொடி இறங்கியது. திங்கட்கிழமை காலை லாஞ்சில் அரிசி மூட்டைகளோடு ஜெயஷீலாவும் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

“கொடுத்தனுப்புனா நான் குடுக்க மாட்டனா?” என்றார் லிங்கராஜ்.

“நீங்க குடுப்பிய. எனக்குத்தான் ஆத்தாது.”

அலைத்தடுப்புக் கல்லைத் தாண்டியதும் கடல் நிறம் மாறிற்று. எட்டு நாள் ஆடி ஓய்ந்த களைப்பில் எண்ணெய் விட்டதுபோல அசையாமல் கிடந்தது. திரும்பிப் பார்த்தாள். ஊர் விலகிப் போய்க்கொண்டிருந்தது. அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் நின்றன. பனிமய மாதா கோயில் கோபுரங்கள் வெண்மையாகத் தெரிந்தன. அதற்கு இந்தப் பக்கம் உப்புக் குவியல்கள், வெயிலில் வரிசையாக. பிறகு அதெல்லாம் தண்ணீருக்குமேல் ஒரு விரற்கடை உயரத்தில் மிதப்பதுபோல் ஆயிற்று. எத்தனை பேர் இதை இப்படிப் பார்த்துக்கொண்டு வந்து, பார்த்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைத்தாள். தான் தினமும் பூட்டித் திறக்கிற கட்டிடம் எங்கே என்று தேடினாள். அகப்படவில்லை. அது அவளுக்கு ஏனோ இதமாக இருந்தது.

செலெஸ்டா கிட்டே வந்தபோது துருப்பிடித்த ஒரு சுவர் வானத்தை மறைத்துக்கொண்டு எழுந்து நின்றது. மேலே, கம்பி விளிம்பில், சின்னச் சின்னத் தலைகள். நடுவில் ரொமெல். இளைத்துப்போயிருந்தார். ஒருவரும் கை அசைக்கவில்லை. ஒரு வாளி கயிற்றில் இறங்கி வந்தது. ஜெயஷீலா வெள்ளைப் பெட்டியை அதில் வைத்தாள். அதற்கடியில் படத்தை அச்சடித்துக் கொண்டுவந்த உறையையும் வைத்தாள். வாளி சுவரோரம் தட்டித் தட்டி மேலே போயிற்று. ரொமெல் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தண்ணீர்க் குழாய் மாட்டினார்கள். அது நிரம்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். கப்பலுக்குள் ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் இரும்பு வழியாகக் கேட்டது. கப்பலின் நிழல் லாஞ்சின் மேல் விழுந்து குளுகுளுவென்றிருந்தது. நிழலுக்கு வெளியே கடல் கண் கூசியது. வாசலும் சாலையும் மணியும் இல்லாத அந்த இடத்தில் உட்கார்ந்து, தான் மன்னிக்கப்பட்டாளா இல்லையா என்பதைக்கூட அவள் கொஞ்ச நேரம் மறந்திருந்தாள்.

“சிஸ்டர்!”

அண்ணாந்து பார்த்தாள். ரொமெல் கம்பிமேல் பாதி உடம்பைச் சாய்த்து, கையை நீட்டிப் போனைக் கீழே காட்டிக்கொண்டிருந்தார். அதில் குழந்தை அசைகிறதா, மரிவிக் பேசுகிறாளா, அத்தனை உயரத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. வெயில் பட்டுக் கண்ணாடி பளீரென்றது, அவ்வளவுதான். ஜெயஷீலா அந்தப் பளீரைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினாள். தெரியுது, தெரியுது என்று தமிழிலேயே கத்தினாள்.

வழக்கு முடிய இன்னும் நாலு மாசம் ஆயிற்று. ஊருக்குப் போகிற அன்று ரொமெல் இல்லத்துக்கு வந்தார். காப்பி குடித்தார். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, “ஒன்று சொல்லவேண்டும்” என்றார். “அந்தத் தப்பான வயரை நான் கடலில் எறிந்துவிட்டேன். அதைப் பையில் போட்ட கையை அந்த எட்டு நாளும் திட்டினேன். அது உங்கள் கை என்று வயர்லெஸ்ஸில் தெரிந்த பிறகும் ஒரு நாள் திட்டினேன்.”

“ஒரு நாள்தானா?” என்றாள் ஜெயஷீலா.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு விமானத்துக்கு நேரமாகிவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு டிசம்பர் காலையில் பிரைட்டன் பேப்பரை மடித்துப் பிடித்துக்கொண்டு வாசித்தார். “கேட்டியா ஷீலா? ஐரோப்பாவுல இனிமே விக்கிற எல்லா போனுக்கும் ஒரே பின்னுதானாம், சி டைப். சட்டம் அமலுக்கு வந்துட்டு. நம்ம ஊர்லயும் கொண்டுவரப் போறாவளாம். ஒன் பலகைல பதிமூணு ஆணி மிச்சம்.”

இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“எதுக்காகச் செய்யுதாங்களாம்?”

“குப்பை கொறையுமாம். வாங்குற ஜனத்துக்கு லேசா இருக்குமாம்.”

வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பேப்பரை வாங்கிப் பார்த்தாள். இல்லை. அங்கே உட்கார்ந்து இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் குப்பையை நினைத்திருப்பார்கள், கடைகளை நினைத்திருப்பார்கள். அவுட்டரில் கிடக்கிற ஒரு சமையல்காரனை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அவனுக்கும் சேர்த்துத்தான் அது எழுதப்பட்டிருந்தது. இது முன்னாலேயே வந்திருந்தால் ஒரு பெண் அத்தனை நாள் பயந்துகொண்டு கிடந்திருக்க வேண்டியதில்லை. அதே சமயம் முன்னாலேயே வந்திருந்தால், இலோய்லோவில் மழையில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிய அந்தப் பெயர் தெரியாதவளும் இல்லை. இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை. ஸ்டவ்வை அணைத்தாள்.

பலகை ஒரேயடியாகக் காலியாகிவிடவில்லை. பழைய போன்கள் கொஞ்ச நாள் வந்துகொண்டுதான் இருந்தன. ஒரு நாள் பார்த்தால் மூன்று மாசமாக யாரும் மைக்ரோ கேட்கவில்லை. ஜெயஷீலா ஆணிகளைப் பிடுங்கினாள், பழைய வயர்களைக் காயலான் கடைக்குப் போட்டாள், அந்த இடத்தில் வெள்ளை அடித்தாள். வருத்தமெல்லாம் ஒன்றுமில்லை. சுவரோரம் சி டைப் வயர்கள் ஒரே நீளத்தில் வரிசையாகக் கிடந்தன. வருகிறவன் தானே எடுத்துச் சொருகிக்கொண்டு உட்காருகிறான். முதல் வார்த்தையாகச் சார்ஜரைக் கேட்காததால், வேறு ஏதாவது சொல்லவேண்டியிருக்கிறது. ஒரு துருக்கிக்காரர் வழியில் பார்த்த வெள்ளை மலைகள் என்ன என்று கேட்டார். உப்பு என்று அவள் சொன்னதை நம்பவில்லை. ஆராதனை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களுக்கு என்னதான் வேலை என்று ஒரு உக்ரைன் நாட்டு இன்ஜினியர் கேட்டார். அப்படி ஒரு ஞாயிறே கிடையாது என்றாள்.

வியாழக்கிழமைகளில் இப்போது அவளும் லாஞ்சில் போகிறாள். பையைக் கட்டிக் கொடுத்தனுப்புகிற வேலை பாதியாகிவிட்டது. அந்த நேரத்துக்குப் போய் அவுட்டரில் கிடக்கிறவர்களை நேரில் பார்த்துவிட்டு வருகிறாள். போன வாரம் போகும்போது லிங்கராஜ் தன் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பொத்தான் வைத்த பழைய போன்.

“சிஸ்டர், அந்தப் பழைய பின்னு வயரு ஒண்ணு இருக்குமா?”

“எல்லாத்தையும் எடைக்குப் போட்டாச்சே அண்ணாச்சி. அரசாங்கமே மாத்தியாச்சு, நீங்க இன்னும் மாத்தலையே.”

“அவங்க புதுசா விக்கிற போனத்தான சொல்லுதாங்க. எங்கிட்ட இருக்கிறதப் பத்தி அவங்களுக்கென்ன?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு சுக்கானைத் திருப்பினார். காற்று இல்லை. கடல் அன்று ஒரே பச்சையாக, அடி மணல் தெரியும்போல் இருந்தது. தூரத்தில் மூன்று கப்பல்கள், எந்தக் கொடி என்று இன்னும் தெரியாத தூரத்தில், அவர்கள் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றன.